கல்லில்லாச் சாவுகள்

மரணபயத்தை மறைப்பதே வீரமெனப் போதிக்கும் இலக்கியம் நம்மிடம் நிறைய உண்டு. உடல் நிலையற்றது என்பது மெய்யே. ஆயின், அம்மெய் மட்டும் அஞ்சுகின்ற மனிதனுக்கு ஆறுதலாவதில்லை.

கண்டி தலதா மாளிகைக்கு அண்மையிலுள்ள ஆங்கிலேயர் மயானத்தில், காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்ட வெள்ளையரின் பெயரும் வயதும் கல்லில் நிற்கின்றன. 1867இல் லூல்கந்துரையில் தேயிலைச் செய்கை தொடங்குமுன், கோப்பிக் காலத்திலேயே, மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து மாத்தளையையும் கண்டியையும் அடைந்த தமிழ்த் தொழிலாளரும் அதே நோய்களால் வழியெங்கும் மாண்டனர். அவர்களுக்குக் கல்லில்லை.

சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) ஆங்கிலத்தில் எழுத, சக்தீ பால ஐயா தமிழாக்கிய ‘தேயிலைத் தோட்டத்திலே’ இந்த இன்மையையே பாடுகிறது. சாவைவிடக் கொடியது சுவடின்றி அழிவது என்னும் அச்சத்தை அது ஒளிக்கவில்லை. அதுவே அதன் பெருமை.

குறையும் உண்டு. அங்கே இறந்தோர் ஒரு திரளாகவே நிற்கின்றனர். சாவை எதிர்நோக்கும் தனிமனிதனின் நடுக்கம் நம் செவிக்கு எட்டுவதில்லை. அந்நடுக்கத்துக்கு மிக அருகே வருவது தோட்டத்து ஒப்பாரி. அதிலே பெண் தன் கதியின்மையை ஊரறியச் சொல்லி அழுகிறாள். சூழ இருப்போர் தத்தம் சாவையும் எண்ணிச் சேர்ந்து அழுகின்றனர். பங்கிட்ட அச்சம் சுமக்கத்தக்கதாகிறது.

நம் எழுத்தாளர் இவ்விரண்டையும் இணைத்தல் வேண்டும். எவ்வுயிர்க்கும் உரிய சாவுக்கு அஞ்சுவோரைத் தேற்றுவோம். வறுமையும் மருந்தின்மையும் தரும் சாவுக்கோ தேறுதல் போதாது. அதனைத் தடுக்கவே வேண்டும்.