பத்து லிட்டர் ஏலுக்கு முப்பது லிட்டர் கலம்

நியூசிலாந்தில் உருவான கிரெயின்ஃபாதர் ஜி30, வீட்டில் பியர் காய்ச்சுவோர் முன்பு இரண்டு மூன்று பாத்திரங்களை வைத்துக்கொண்டு செய்துவந்த ஊறவைத்தல், வடித்தல், கொதிக்கவைத்தல் ஆகிய வேலைகளை ஒரே எஃகுக் கலத்துக்குள் அடக்கிவிடும் மின்கருவியாகும். அதன் கொள்ளளவு 30 லிட்டர். ஒரு முறைக்கு 23 லிட்டர் பியர் எடுப்பதை மனத்தில் கொண்டே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. 1963 முதல் உரிமம் பெறாமலே வீட்டில் பியர் காய்ச்ச முடிகிற பிரிட்டனில், அந்நாட்டுக்கே உரிய லைட் ஏலை, அதாவது மூன்று, மூன்றரை விழுக்காடு ஆல்கஹால் மட்டுமே கொண்ட மென்மையான பியரை, பத்து லிட்டர் அளவில் காய்ச்ச விரும்புபவருக்கு இக்கருவி பொருந்துமா என்பது தனியே ஆராயத்தக்கது.

மாஷ் என்பது, முளைகட்டி உலர்த்திய பார்லியாகிய மால்ட்டை உடைத்து, ஏறத்தாழ 66 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, தானியத்திலேயே உள்ள அமைலேஸ் நொதிகளைக் கொண்டு மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் கட்டமாகும். கருவியிலுள்ள பம்பு, அடியில் வடியும் சாற்றை மேலேற்றி, சல்லடைக் கூடையிலுள்ள மால்ட்டின் மீது மீண்டும் மீண்டும் ஊற்றுவதால், அடுப்பருகே காவல் நிற்கும் வேலை ஒழிகிறது. ஆயினும் வெப்ப உணரி கலத்தின் அடியில் இருப்பதால், திரையில் தெரிவது அடிச்சாற்றின் வெப்பமே தவிர மால்ட் படுகையின் நடுவெப்பம் அன்று. அங்கே தனி வெப்பமானியைச் செருகிப் பார்ப்பதே நம்பகமானது. லைட் ஏலுக்கு 67 அல்லது 68 டிகிரி வைப்பது நல்லது; ஈஸ்ட் நொதிக்கவியலாத டெக்ஸ்ட்ரின்கள் சற்று மிகுந்து, பியர் வெறும் தண்ணீராகச் சுவைக்காமல் தப்பும்.

சிக்கல் கணக்கில்தான் இருக்கிறது. கலத்தின் அடியில் சுமார் இரண்டு லிட்டர் கசடோடு தங்கிவிடுகிறது, ஒரு மணி நேரக் கொதிப்பில் சுமார் மூன்று லிட்டர் ஆவியாகிறது. காய்ச்சும் அளவு குறைவதால் இவ்விழப்பு குறைவதில்லை. ஆகவே 23 லிட்டருக்கு 28 லிட்டர் சாறு போதும் என்றிருக்க, பத்து லிட்டருக்குப் பதினைந்து லிட்டர் தேவைப்படுகிறது: ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே மிகுந்திருந்த இழப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. தொடக்க ஒப்படர்த்தி 1.034 என்று கொண்டால் 1.8 கிலோ மால்ட் வேண்டும், கிலோவுக்கு 2.7 லிட்டரோடு நிலையாக 3.5 லிட்டரைக் கூட்டுக என்னும் கருவியின் சூத்திரப்படி, அதற்கு ஏறத்தாழ 8.4 லிட்டர் நீர் சேர்கிறது. மாஷ் நீர்த்துப்போவது ஒருபுறமிருக்க, மிச்சச் சர்க்கரையைக் கழுவி எடுக்க மேலிருந்து ஊற்றும் ஸ்பார்ஜ் நீரும் எட்டு லிட்டராகிறது. இவ்வளவு சிறிய படுகையின் வழியே அவ்வளவு நீரும் இறங்கினால் உமியிலுள்ள டானின்கள் கரைந்து நாக்கில் துவர்ப்பு ஏறும். எனவே வடியும் சாற்றின் ஒப்படர்த்தி 1.010 அளவுக்கு இறங்கியதும் ஸ்பார்ஜை நிறுத்தி, எஞ்சிய நீரை நேரே கொதிகலத்தில் சேர்த்துவிடுவது உத்தமம்.

மேலும், 4.5 கிலோவுக்குக் குறைவான மால்ட்டுக்கு மேல் சல்லடையைத் தாழ இறக்க உதவும் குட்டைக் குழாய்த்தொகுதி தனியே தேவைப்படுகிறது. விந்தை என்னவெனில், லைட் ஏலை முழு 23 லிட்டர் காய்ச்சினாலும் மால்ட் நான்கு கிலோவை எட்டாது. வலுவான பியர்களை எண்ணிச் செய்த கருவி என்பது இதிலேயே தெரிகிறது.

குளிரூட்டியைக் குறைசொல்ல இடமில்லை. கொதித்த சாறு உட்குழாயிலும் குளிர்நீர் வெளிக்குழாயிலும் எதிரெதிராக ஓடுவதால், சிறிய அளவு சாறு விரைவிலேயே ஈஸ்ட் இடும் வெப்பத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் இதற்காக மட்டும் இவ்வளவு பெரிய கலத்தை வாங்க வேண்டியதில்லை. பத்து லிட்டரோடு நிறைவடைபவருக்கு, ஆஸ்திரேலியர்கள் பரப்பிய முறைப்படி, இருபது லிட்டர் பானையும் மால்ட்டை இட்டுத் தூக்கும் வலைத்துணிப் பையும் போதுமானவை.