முன்னோர் அறிவும் மக்கள் உரிமையும்

காலநிலை மாற்றம் பற்றிக் கொழும்பிலே இன்று எழுதப்படும் கட்டுரைகளிலும், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கூட்டங்களில் நிகழ்த்தப்படும் உரைகளிலும் ஒரு போக்கு வலுத்து வருகின்றது. முன்னோர் அறிவுக்குத் திரும்பி, மரபுத் தலைமையை மீண்டும் ஏற்றால் யாவும் சீராகிவிடும் என்பதே அது. 2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டை அனுபவித்த மக்களுக்கு இவ்வார்த்தை இனிக்கவே செய்யும். ஆயினும், இனிப்பதெல்லாம் உண்மையாகிவிடாது.

முன்னோர் அறிவு வெறுங் கற்பனை என்று நாம் கூறவில்லை. சமனலவெவப் பகுதியின் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளிலே, துருத்தியின்றிப் பருவக்காற்றின் விசையாலேயே இரும்பு உருக்கிய பண்டைய உலைகள் இருந்தன. தொல்லியலாளர் கில் ஜூலெஃப் அவற்றை அகழ்ந்து, 1996இல் உலகறியச் செய்தார். வறண்ட வலயத்தின் அடுக்குக்குளங்களும் இத்தகைய சாதனையே. மேற்குளத்தின் வழிநீரைக் கீழ்க்குளம் ஏற்கும் அம்முறையை 2017இல் உலக உணவு விவசாய நிறுவனம் விவசாய மரபுரிமையாக அங்கீகரித்தது. மழை பொய்த்த காலத்தில், குளத்தை அடுத்த வயலை மட்டும் விதைத்து, காணிப் பங்குடையோர் யாவரும் பகிர்ந்துகொண்ட 'பெத்ம' முறையும் போற்றத்தக்கதே.

ஆனால், காணிப் பங்கே இல்லாதவன் எதனைப் பகிர்ந்தான்? இக்கேள்வியை நமது பழம்பெருமையாளர் எழுப்புவதில்லை. குளங்கட்டிய அரசரின் பெயர்களை வரலாற்று நூல்கள் பேணின. மண் சுமந்தோரின் பெயர்களைப் பேணவில்லை. இராஜகாரியம் எனும் கட்டாய உழைப்பு 1832இல் ஒழிக்கப்பட்டமை நியாயமே. எனினும், அதற்கு ஈடான கூட்டு அமைப்பொன்றைக் குடியேற்ற ஆட்சி உருவாக்காமையால் கிராமக் குளங்கள் பல பராமரிப்பின்றிச் சீர்கெட்டன. பின்னர் நீர்ப்பங்கீடு 'வெல்விதானே' எனப்பட்ட நீர்ப்பாசனத் தலைவரின் கைக்கு வந்தது. பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் அவருக்குப் பதிலாகப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. அக்குழுக்களிலும் குறைகள் இருந்தன. ஆயினும், தலைமையைக் கேள்வி கேட்கும் உரிமை விவசாயிக்கும் உண்டு என்ற கொள்கை அங்கே நிலைபெற்றது.

யாழ்ப்பாணத்து மரபோ, கிணற்றடியிலேயே மனிதரைப் பிரித்து வைத்தது. நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் அறிவும், தாழ்த்தப்பட்டோருக்கு நீர் மறுக்கும் கொடுமையும் ஒரே சமுதாயத்தில் அருகருகே வாழ்ந்தன. 'பஞ்சமர்' தந்த கே. டானியலைப் படித்தவர் இதனை மறக்க இயலாது.

மன்னாரை நோக்குவோம். அங்கே 103.5 மெகாவாட் வலுவுள்ள 'தம்பபவனி' காற்றாலை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. 2025இல் புதிய காற்றாலைகளுக்கு எதிராகத் தீவு மக்கள் வீதிக்கு வந்தனர். வெள்ளநீர் வடிவது தடைப்படுகின்றது, மீன்பிடி பாதிக்கப்படுகின்றது என்பன அவர்களது முறைப்பாடுகள். காற்றிலிருந்து மின்சாரம் பெறுவது நாட்டுக்குத் தேவை என்பதில் நமக்கு ஐயமில்லை. அம்மின்சாரத்தால் ஒளிபெறும் கொழும்பு, கடலையும் காற்றையும் அன்றாடம் கற்றறிந்த மீனவனின் சொல்லைக் கேட்டதா என்பதே வினா.

முன்னோர் அறிவைப் போற்றுவோர் அவனிடமிருந்து தொடங்கட்டும். ஏனெனில், அவ்வறிவு இன்று உயிரோடிருப்பது உழைப்போரிடமே. திட்டத்தை ஏற்கவும் மறுக்கவும் அவர்களுக்கு உரிமை இல்லாதவரை, மரபின் பெயரால் வரும் தலைமையும் வளர்ச்சியின் பெயரால் வரும் மூலதனமும் அவர்களுக்கு ஒன்றுதான். ஆசிரியர்களும் மாணவர்களும் இந்த உரைகல்லைக் கொண்டே சூழலியல் எழுத்துக்களை மதிப்பிடல் வேண்டும்.