மணி அடித்தால் யார் போவது?

தானியங்கி தீ அலாரம் அடித்தது என்பதற்காக மட்டும் கடை, அலுவலகம், தொழிற்சாலைகளுக்கு வண்டி அனுப்புவதை ஸ்காட்லாந்து தீயணைப்புப் படை 2023 ஜூலையில் நிறுத்தியது. அங்கிருக்கும் ஒருவர் தீ என்று உறுதி சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் லண்டனும் காலை 7 முதல் இரவு 8.30 வரை இதே வழிக்கு வந்தது. புத்திசாலித்தனமான சிக்கனம் என்று இதைக் கொண்டாடுகிறார்கள்.

அவர்கள் தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. இந்த அலாரங்களில் நூற்றுக்கு 97 பொய் என்கிறது ஸ்காட்லாந்துப் படை. ரொட்டி கருகினாலும் நீராவி கிளம்பினாலும் மணி அடிக்கும். சைரனோடு விரையும் வண்டியால் விபத்தும் நேரலாம். மருத்துவமனை, முதியோர் இல்லம், ஹோட்டல் போன்ற இடங்களுக்கு விலக்கும் உண்டு. சரி.

ஆனால் அலாரத்தை எதற்காக மாட்டுகிறோம்? மனிதர் கண்ணில் படுவதற்கு முன்பே தீயைக் கண்டுபிடிக்கத்தானே? பார்த்துச் சொன்னால்தான் வருவோம் என்றால், கருவி மிச்சப்படுத்திய நிமிடங்கள் அந்தத் தேடலிலேயே கரைகின்றன. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒயர் கருகுவது கீழே நிற்கும் காவலாளிக்கு எப்படித் தெரியும்? ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்றுமில்லை என்று பேனலை ரீசெட் செய்வார். துணிச்சல்காரராக இருந்தால் இன்னும் மோசம்: உள்ளே புகையும் அறையின் கதவைத் திறப்பார், காற்று புகுந்து தீ சீறும். மூச்சுக்கருவி மாட்டிய வீரர்கள் செய்யவேண்டிய வேலையை ஒப்பந்தக் கூலிக்காரர் வெறுங்கையோடு செய்கிறார். அவரைப் பழக்குவது கட்டடப் பொறுப்பாளரின் கடமையாம். கடமை தெரிந்த பொறுப்பாளர் என்றால் அவர் கட்டடத்தில் மட்டும் அலாரம் ஏன் ஓயாமல் பொய்யாக அடிக்கிறது? இரவில் லண்டன் வண்டி அனுப்பத்தான் செய்கிறது. ஆளில்லாத கட்டடத்தில் உறுதி சொல்ல யாருமில்லை என்பது அவர்களுக்கும் தெரிகிறது.

பொய் அலாரத்தின் வேர், துடைக்காத சென்சாரிலும் இடம் தெரியாமல் மாட்டியதிலும் இருக்கிறது. கருவிக் கோளாறால் திரும்பத் திரும்பப் படையை அலைக்கழிப்பவரிடம் கட்டணம் வாங்க இங்கிலாந்தில் 2011-ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது. அந்தப் பிடியை இறுக்கியிருக்கலாம். புதிய ஏற்பாட்டிலோ, கருவியைக் கவனிக்காத முதலாளிக்கு வண்டி வந்து நிற்கும் தர்மசங்கடம்கூட இல்லை. ஆபத்து முழுக்கக் காவலாளி தலையில்.

கட்டணத்தை ஏற்றுங்கள். ஆள் பற்றாக்குறை என்றால் இரண்டு வண்டிக்குப் பதில் ஒன்றை அனுப்புங்கள். அந்த ஒன்றையாவது அனுப்புங்கள்.