சபதத்தின் விலை

யப்பானியச் சித்திரக்கதையாளர் யொஷிஹிரோ தொகாஷி 1998இல் தொடங்கிய 'ஹண்டர் எக்ஸ் ஹண்டர்', 2011-2014 காலப்பகுதியில் 148 அங்கங்கள் கொண்ட அனிமே தொடராகவும் வெளிவந்தது. அதில் 'நென்' என்பது உடலில் ஊறும் உயிர்ச்சக்தியை ஆளும் கலை. அதற்கு ஆறு வகைகள் உண்டு. எனினும், என்னைக் கவர்ந்தது அதன் சபத விதியே. தனக்குத்தானே விதிக்கும் தடை கடுமையாகும் அளவுக்கு ஒருவனின் சக்தி பெருகும்.

தன் குலத்தை அழித்த 'சிலந்தி'க் கூட்டத்தைப் பழிவாங்கப் புறப்படும் குராபிகா, எதிரியின் நென்னை முடக்கும் சங்கிலியொன்றை உருவாக்குகிறான். அக்கூட்டத்தைச் சாராத எவர்மீதும் அதை ஏவினால் தன்னைக் கொல்லும்படி, தன் இதயத்திலும் ஒரு சங்கிலியைச் செருகிக்கொள்கிறான்.

நீண்ட விளக்கங்கள் சில இடங்களில் கதையோட்டத்தைத் தடுப்பது குறையே. ஆயினும் பழியுணர்ச்சியின் இயல்பை இவ்விதி துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. பழி தீர்ந்தபின் அந்தச் சங்கிலிக்கு வேலையில்லை, அவனுக்கு?