ஒரு மணி நேரமும் ஏழு ஆண்டுகளும்

ஆண்டவரின் காலக்கணக்கு நம்முடையதன்று என்னும் 90-ஆம் திருப்பாடலின் கருத்தை விளக்க, ஞாயிறு மறையுரை ஒன்றில் 'இன்டர்ஸ்டெல்லர்' திரைப்படத்தை எடுத்துக்காட்டினேன். கிறிஸ்டோபர் நோலன் இயக்கி 2014-இல் வெளிவந்த அப்படத்தில், கருந்துளை ஒன்றின் அருகேயுள்ள கோளில் கழியும் ஒரு மணி நேரம் புவியில் ஏழு ஆண்டுகளாகும். அறிவியலே மறைநூலுக்குச் சான்று பகர்கிறது என்று பெருமிதத்தோடு முடித்தேன். திருப்பலிக்குப் பின் மறைக்கல்வி மாணவி ஒருத்தி வந்து, "அப்படியென்றால் கடவுள் கருந்துளைக்குப் பக்கத்தில் இருக்கிறாரா, சாமி?" என்று கேட்டாள். அப்போது சிரித்தேன். அறைக்குத் திரும்பியபின் சிரிக்க இயலவில்லை. படத்தை மீண்டும் பார்த்தேன்.

படத்தின் அறிவியல் வெறுங்கற்பனையன்று. ஈர்ப்பு மிகுந்த இடத்தில் காலம் மெதுவாகச் செல்லும் என்பது ஐன்ஸ்டீன் 1915-இல் வகுத்த பொதுச் சார்பியல் கோட்பாட்டின் முடிவு. நமக்கு வழிகாட்டும் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 மைக்ரோநொடி முந்துகின்றன. அவற்றின் வேகத்தால் 7 மைக்ரோநொடி பிந்துகின்றன. எஞ்சும் 38 மைக்ரோநொடியைச் சரிசெய்யாவிடில் நம் கைப்பேசிகள் வழி தவறிவிடும்.

படத்தின் அறிவியல் ஆலோசகர் கிப் தார்ன், ஈர்ப்பலைகளைத் தேடும் 'லைகோ' ஆய்வகத்தை உருவாக்கியோருள் ஒருவர். ஐன்ஸ்டீன் 1916-இல் முன்னுரைத்த அவ்வலைகள் 2015 செப்டம்பர் 14 அன்றுதான் முதன்முறையாகப் பதிவாயின. ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு கருந்துளைகள் மோதி இணைந்தபோது எழுந்த அதிர்வு, 4 கிலோமீட்டர் நீளமுள்ள கருவியை ஒரு புரோட்டானின் விட்டத்தில் மிகச் சிறு பங்கு அளவே அசைத்தது. அதைக் கேட்கக் காத்திருந்த அறிஞருள் மூவர், தார்ன் உட்பட, 2017-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இத்தகைய பொறுமை படத்தின் இறுதியில் இல்லை. அன்பு காலத்தையும் வெளியையும் கடந்த ஓர் ஆற்றல் என்று ஒரு பாத்திரம் முன்னரே வாதிடுகிறது. முடிவில் கருந்துளைக்குள் விழும் நாயகன் கூப்பர், ஈர்ப்பின் வழியே மகளின் கைக்கடிகார முள்ளை அசைத்துச் செய்தி அனுப்புகிறான். அன்பு இங்கே ஒரு கருவியாகிவிடுகிறது. ஆயின் இதே படம் முன்பு வேறோர் உண்மையைச் சொல்லியிருந்தது. கோளில் சில மணி நேரம் கழித்துக் கலத்துக்குத் திரும்பும் கூப்பர், 23 ஆண்டுகளாகப் பிள்ளைகள் அனுப்பிய செய்திகளைப் பார்த்து அழுகிறான். அவனது அன்பு சிறிதும் குறையவில்லை. எனினும் இழந்த ஒரு நாளையும் அதனால் மீட்க முடியவில்லை. படத்தின் உயிர் இக்காட்சியில்தான் இருக்கிறது.

என் மறையுரையின் பிழையை உணர்த்தியதும் இக்காட்சியே. மெதுவான காலத்தில் இருப்பவன் பிறருடைய வாழ்வைத் தவறவிடுகிறான். இறைவனை அந்தக் கோளில் நிறுத்தினால், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரு தாய் விழித்திருக்கும் இரவு முழுவதும் அவருக்கு ஓர் இமைப்பொழுதாகிவிடும். அவரைப் பிள்ளைகளின் வாழ்வைக் காணாத தந்தையாக நான் ஆக்கிவிட்டேன். நித்தியம் என்பது மெதுவாக ஓடும் காலமன்று. விரையும் கடிகாரமும் தாமதிக்கும் கடிகாரமும் ஒருசேரப் படைப்புகளே. காலமும் படைக்கப்பட்டதே என்று புனித அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' நூலின் பதினோராம் பகுதியில் தெளிவுறுத்துகிறார். காலத்தைப் படைத்தவர் நம் ஒவ்வொரு நொடிக்கும் உடனிருக்கிறார். அதுமட்டுமன்று, மனிதராகி நம் காலத்திலேயே வளர்ந்து, களைத்து, காத்திருந்தார்.

அறிவியலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் ஆசை புதிதன்று. பேரண்டத்தின் தொடக்கம் பற்றிய கோட்பாட்டைப் படைப்பு பற்றிய நம்பிக்கையோடு இணைத்துத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1951-இல் உரையாற்றியபோது, அக்கோட்பாட்டை வகுத்த பெல்ஜிய அருள்பணியாளர் ஜார்ஜ் லெமேத்ரே மகிழவில்லை. தம் கோட்பாடு சமயக் கேள்விக்கு வெளியே நிற்கிறது என்பதே அவர் நிலைப்பாடு. அவரது விசுவாசத்துக்கு அந்த ஊன்றுகோல் தேவைப்படவில்லை.

அடுத்த ஞாயிறன்று அம்மாணவியின் கேள்வியைச் சொல்லி என் பிழையை ஒப்புக்கொண்டேன். படத்தைப் பார்க்க வேண்டாம் என்று எவருக்கும் சொல்லமாட்டேன். குடும்பத்தோடு பாருங்கள். அந்த 23 ஆண்டுச் செய்திகள் முடிந்ததும் சற்றே நிறுத்தி, வெகுநாளாக நம் குரலுக்குக் காத்திருப்பவர் யாரென எண்ணிப் பாருங்கள்.