கழிவு மேட்டுக்குக் கீழே ஒரு நாவல்

ரிச்சர்ட் லெவெலினின் ‘ஹவ் கிரீன் வாஸ் மை வேலி’ 1939இல் வந்த நாவல். அம்மா தலையில் கட்டிக்கொள்ளும் நீலத் துணியில் சாமான்களைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பும் ஹியூ மார்கன், தெற்கு வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்கில் கழிந்த தன் பிள்ளைப் பிராயத்தைச் சொல்கிறான். சாப்பாடு, தேவாலயம், பாட்டு, அம்மாவின் மடியில் வந்து விழும் சம்பளக் காசு. இப்போது எடுத்தாலும் நான் மயங்கிப்போகிற பக்கங்கள் அவை. ஜான் ஃபோர்ட் 1941இல் இதைக் கலிஃபோர்னியாவில் செட் போட்டுப் படமாக்கினார், அதுவும் கறுப்பு வெள்ளையில். தலைப்பில் மட்டும் பச்சை!

எனக்கு உறுத்துவது அந்தக் கழிவு மேடு. நிலக்கரியோடு வெளியே வரும் கல்லும் சேறும் சரிவில் குவிந்து, வளர்ந்து, கடைசியில் ஹியூவின் வீட்டையே நெருக்குகின்றன. ஏன் அங்கே கொட்டினார்கள்? அந்தப் பள்ளத்தாக்குகள் ரொம்பக் குறுகல். ரோண்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு, ரயில் பாதை, வரிசை வீடுகள், அதோடு தரை தீர்ந்துபோச்சு. மிச்சமெல்லாம் மலைமேல்தான். கழிவைத் திரும்பச் சுரங்கத்துக்குள்ளேயே இட்டு நிரப்பலாம், ஆனால் அதற்குச் செலவாகும். ஆக, மேடு என்பது யாரோ போட்ட கணக்கு. ஹியூவுக்கும் அதன்மேல் கோபம் உண்டு. ஆனால் லெவெலினின் அழகான நடை அந்தக் கோபத்தைத் துக்கமாகக் கரைத்துவிடுகிறது. மூப்பு வருவதுபோல மேடும் வருகிறது. கணக்குப் போட்டவன் பக்கத்திலிருந்து நழுவிவிடுகிறான். ஏக்க எழுத்தின் வசதியே இதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால்தான் இந்த நாவலை அபர்வானோடு சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன். அதுவும் தெற்கு வேல்ஸ் சுரங்கக் கிராமம்தான். 1966 அக்டோபர் 21 காலை, மலைமேல் இருந்த ஏழாம் எண் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்தவர்கள் 144 பேர், அதில் 116 பேர் குழந்தைகள். மேட்டுக்கு அடியில் நீரூற்றுகள் இருந்தன. பள்ளிக்குப் பின்னால் கழிவு கொட்டுவது ஆபத்து என்று உள்ளூர் நிர்வாகம் 1963இலேயே கடிதம் எழுதியிருந்தது. விசாரணைக் குழு தேசிய நிலக்கரி வாரியத்தைக் குற்றவாளி என்றது. இங்கே விதிக்கு இடமே இல்லை. கடிதம், தேதி, எண் எல்லாம் கையில் இருக்கின்றன.

மிச்ச மேடுகளை அகற்ற, இறந்த குழந்தைகளுக்காக மக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டை எடுத்தார்கள். அது திரும்பி வந்தது 1997இல்.