அரபு நாட்டில் நெல் விளைந்தது எங்ஙனம்?

சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தை முதன்முதலாகப் படித்தபோது நான் மதரஸா மாணவன். அரபு நாட்டில் மழை பொழிகிறது, வெள்ளம் பாய்கிறது, வயலில் நெல் விளைகிறது! மக்கமா நகரின் பள்ளத்தாக்கு பயிர் விளையாதது என்பதை இபுறாஹீம் நபி (அலை) அவர்களின் துஆவிலேயே ஓதியிருந்த எனக்கு இது பொறுக்கவில்லை. ‘புலவர் பொய் புனைந்துவிட்டார்’ என்று நூலை மூடி வைத்தேன். அத்தீர்ப்பு அவசரத் தீர்ப்பு என உணரப் பல ஆண்டுகள் ஆயின.

கவிஞன் தன் சமுதாயத்துக்கு ஆற்றும் பணி யாது? அரபு மக்களிடையே அவன் கோத்திரத்தின் நாவாக விளங்கினான். குறைஷியரின் வசைப்பாக்களுக்கு விடையிறுக்கும் பணியை நாயகம் (ஸல்) அவர்கள் ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்களிடம் ஒப்புவித்தார்கள். அங்கே பாடியவரும் கேட்டவரும் ஒரே மொழியினர், ஒரே மண்ணினர். 17ஆம் நூற்றாண்டில் பிறந்த உமறுப் புலவருக்கோ அவ்வசதி இல்லை. அவர் பாட்டைக் கேட்கவிருந்தோருட் பெரும்பாலோர் அரபு மண்ணை மிதித்தறியாத தமிழ் மக்கள். தொலைவிலிருந்ததை அவர்கள் நெஞ்சுக்கு அண்மையாக்குவதே அவர் மேற்கொண்ட பணி. தமிழ்க் காப்பிய மரபில் நாட்டு வளம் பாடுவது தலைவனுக்குச் செய்யும் மரியாதை. அம்மரியாதையைத் தமக்குத் தெரிந்த தமிழ் முறையிலேயே புலவர் செய்தார்.

பாலையை அவர் அறியாதவர் என்றும் கூறவியலாது. அதே விலாதத்துக் காண்டத்தில் ‘சுரத்திற் புனலழைத்த படலம்’ இருக்கிறதே! நீரற்ற சுரத்தை அறியாதவர் அதனைப் பாடியிருக்க முடியுமா?

தம் உரிமைக்கு அவர் எல்லையும் வகுத்துக்கொண்டார். வயலையும் வாய்க்காலையும் தமிழ் மண்ணிலிருந்து எடுத்தவர், பதுறையும் உகுதையும் பெயர் மாற்றவில்லை. தீன், ஈமான் முதலிய சொற்களை விருத்தத்துள் அப்படியே அமர்த்தினார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களும் அரபுப் பெயரே தாங்கி நிற்கின்றன. அலங்காரத்தில் நெகிழ்ந்தவர், மார்க்கத்தின் சொல்லில் நெகிழவில்லை.

குறையே இல்லையோ எனின், உண்டு. நாட்டுப் படலத்தின் வருணனைகளுட் சில, வேறொரு காப்பியத்தில் எடுத்து வைத்தாலும் பொருந்திவிடும். மரபு அங்கே புலவரை மீறி நிற்கிறது. ஆயினும் அது கலையின் குறை. வாய்மையின் குறை என்று அதனைத் தள்ளுதல் தகாது.

இன்று என்னிடம் பயிலும் பிள்ளைகளுள் எவனேனும், “மக்கத்தில் நெல் ஏது, உஸ்தாத்?” என்று கேட்பானாயின் மகிழ்வேன். “நல்ல கேள்வி. நூலை மட்டும் மூடிவிடாதே, சுரத்துக்கு வரும்வரை படி” என்பேன்.